மீட்கப் போகிறவனுக்குச் சண்டை தெரிந்திருக்கக் கூடாது

கடத்தப்பட்ட மனைவியையோ மகளையோ மீட்பதற்காகச் சாதாரண மனிதர் ஒருவர் தனியாகக் கிளம்புகிறார் என்று கதைச்சுருக்கம் போட்டிருக்கும் குறைந்த செலவுப் படங்களைக் கடந்த சில வாரங்களாக ஓடிடி தளங்களில் ஒன்றன்பின் ஒன்றாகப் பார்த்து வந்தேன். அவற்றுள் பெரும்பாலானவற்றில், படம் தொடங்கி அரைமணி நேரம் ஆவதற்குள் ஒரே காட்சி தவறாமல் வந்து சேர்ந்தது. அதுவரை தச்சராகவோ லாரி ஓட்டுநராகவோ நமக்கு அறிமுகமாகியிருந்தவர் பரணில் ஏறி ஒரு பழைய இரும்புப் பெட்டியை இறக்குகிறார். தூசியைத் துடைத்துத் திறக்கிறார். உள்ளே துப்பாக்கிகளும், சீருடையில் நிற்கும் அவருடைய பழைய புகைப்படமும் இருக்கின்றன. என்னைப் பொறுத்தவரை படம் அந்த இடத்திலேயே முடிந்துவிடுகிறது. அவர் ஜெயிப்பார் என்பது அப்போதே தெரிந்துவிடுவதால், மீதமுள்ள ஒரு மணி நேரம் எத்தனை பேர் விழப்போகிறார்கள் என்று எண்ணிக்கொண்டிருப்பதிலேயே கழிகிறது.

இந்தப் பழக்கத்துக்கான பொறுப்பில் பெரும்பங்கை 2008இல் வெளிவந்த ‘டேக்கன்’ படத்தின் வெற்றி ஏற்க வேண்டும். சுமார் 2.5 கோடி டாலரில் எடுக்கப்பட்டு, உலகெங்கும் 22 கோடி டாலருக்கு மேல் வசூலித்த படம் அது. ஆனால் அந்தப் படம் நம்மை ஏமாற்றவில்லை. லியாம் நீசன் ஏற்ற பாத்திரம் ஓய்வுபெற்ற உளவுத்துறை ஆள் என்பதைத் தொடக்கத்திலேயே சொல்லிவிடுகிறது, ஆகவே பாரிஸில் அவர் ஆட்களை வரிசையாக வீழ்த்தும்போது நமக்கு வியப்போ வருத்தமோ இல்லை. அதைப் பார்த்து எடுக்கப்பட்ட மலிவுப் படங்களுக்கோ நீசனின் கைத்திறனும் வேண்டும், பக்கத்து வீட்டுக்காரர் மீது நமக்கு இயல்பாக எழும் அனுதாபமும் வேண்டும். கூழுக்கும் ஆசை, மீசைக்கும் ஆசை.

இதில் எனக்கு மிகவும் வியப்பளிப்பது, கையில் பணமில்லாத தயாரிப்பாளர்கள் இந்தத் தவற்றைச் செய்வதுதான். ஹெலிகாப்டரை வாடகைக்கு எடுக்க முடியாத தயாரிப்பாளரும், ஆபத்தில் ஹெலிகாப்டரை வரவழைக்க வழியில்லாத நாயகனும் ஒரே நிலையில் இருப்பவர்கள் என்பதால், இந்தக் கதைவகை அவருக்கென்றே அமைந்தது போன்றது. பயிற்சி பெற்ற வீரன் பூட்டிய கதவை மூன்று நொடிகளில் திறந்துவிடுவான்; அதன்பின் படத்தை நகர்த்த இருபது அடியாட்கள், அவர்களுக்குச் சண்டைப் பயிற்சியாளர், வெடிகள், கார்கள் என்று செலவு ஏறிக்கொண்டே போகும். பூட்டை உடைக்கத் தெரியாதவனுக்கு அந்த ஒரு கதவே பத்து நிமிடக் காட்சியாகிறது. அவனுடைய இயலாமையைப் படம் பிடிக்கத் தனிச் செலவு எதுவும் இல்லை.

இதை முழுமையாகப் புரிந்துகொண்ட படம் என்று நான் கருதுவது, ஜொனதன் மாஸ்டோ இயக்கி 1997இல் வெளிவந்த ‘பிரேக்டவுன்’. 3.6 கோடி டாலர் செலவான அதைக் கறாராகப் பார்த்தால் மலிவுப் படம் என்று சொல்ல முடியாது. இருந்தாலும் இவ்வகைப் படங்களை அளந்து பார்ப்பதற்கு அதைவிட நல்ல அளவுகோல் எனக்குக் கிடைக்கவில்லை. பாஸ்டனிலிருந்து சான் டியேகோவுக்குக் குடிபெயர்ந்துகொண்டிருக்கும் தம்பதியின் கார் பாலைவன நெடுஞ்சாலையில் நின்றுவிடுகிறது. அவ்வழியே வந்த லாரி ஓட்டுநர் ஒருவர், அருகிலுள்ள உணவகம் வரை மனைவியை ஏற்றிச் சென்று, அங்கிருந்து உதவிக்குத் தொலைபேசி செய்ய வைப்பதாகக் கூறுகிறார். கணவர் காருக்குக் காவலாக நின்றுகொள்கிறார். சற்று நேரம் கழித்து, காரின் அடியில் ஒரு வயர் கழற்றி விடப்பட்டிருப்பதை அவரே கண்டுபிடித்து மாட்டிவிட, வண்டி கிளம்பிவிடுகிறது. உணவகத்துக்குப் போனால் அப்படி ஒரு பெண்ணைப் பார்த்ததாக அங்கே யாரும் சொல்லவில்லை. வழியில் அதே லாரியைக் கண்டு மறித்து நிறுத்துகிறார். காவல் அதிகாரியின் முன்னிலையில், இந்த மனிதரை என் வாழ்நாளில் பார்த்ததே இல்லை என்று ஓட்டுநர் அமைதியாகச் சொல்கிறார்.

அந்த ஓட்டுநராக நடித்தவர் ஜே.டி. வால்ஷ், படம் வந்த அடுத்த ஆண்டே மறைந்துவிட்ட அருமையான நடிகர். அவர் முகத்தில் வில்லத்தனம் என்று சுட்டிக்காட்ட எதுவுமே இல்லை. நாள் முழுவதும் வண்டி ஓட்டிய களைப்பும், வீண் தொந்தரவு செய்யும் வெளியூர்க்காரரைப் பொறுத்துக்கொள்ளும் மரியாதையும் மட்டுமே தெரிகின்றன. நாமே ஒரு கணம் கணவரைச் சந்தேகிக்கிறோம். கணவராக வரும் கர்ட் ரஸ்ஸல் அதற்கு முன்பு எத்தனையோ முரட்டு நாயகர்களாக நடித்தவர் என்பதால், எந்த நொடியிலும் அவர் கையை முறுக்கிக்கொண்டு கிளம்பிவிடுவார் என்று எதிர்பார்த்துக் காத்திருப்போம். அவரோ கடைசி வரை கை நடுங்கும், நா வறளும் மனிதராகவே இருக்கிறார். கடத்தியவர்கள் அவரிடம் 90,000 டாலர் இருப்பதாக நம்புகிறார்கள். அவரிடம் அவ்வளவு பணம் கிடையாது. அது அவர்களுக்குத் தெரியாது என்பதுதான் அவர் கையிலுள்ள ஒரே ஆயுதம். வங்கிக்குள் அவர் நிற்கும் காட்சி, துப்பாக்கியே வெளிவராமல் இப்படத்திலேயே அதிகம் வியர்க்க வைக்கும் காட்சியாக அமைந்திருப்பதும் அதனால்தான்.

பிறகு அவர் லாரியில் ஒளிந்து தொற்றிக்கொண்டு ஓட்டுநரின் வீட்டுக்கே போய்ச் சேர்கிறார். அங்கே சமையலறையில் ஓட்டுநருடைய மனைவியும் சிறு பையனும் இருக்கிறார்கள். கையில் துப்பாக்கியுடன் ஒரு குடும்பத்தின் முன்னால் நிற்பவர் இப்போது நம் நாயகர். அந்தப் பையனின் கண்ணில் வில்லன் யார் என்று எண்ணிப் பார்க்க வேண்டிய நிலை. இதற்கு அடுத்து வரும் பாலத்துச் சண்டை விறுவிறுப்பாகவே இருக்கிறது, எனினும் ஒரு மணி நேரம் கட்டிக் காத்த நம்பகத்தை அங்கே சற்றுத் தளர்த்திவிட்டார்கள் என்பதையும் சொல்லத்தான் வேண்டும். முழுப் படமும் ஏறத்தாழ ஒன்றரை மணி நேரந்தான்.

பிரெஞ்சு இயக்குநர் ஃப்ரெட் கவாயே இதே நிலத்தில் இரண்டு முறை உழுதிருக்கிறார். 2010இல் அவர் எடுத்த ‘ஆ பூ போர்த்தான்’ படத்தின் நாயகன், மருத்துவமனையில் செவிலியர் பணிக்குப் படித்துக்கொண்டே உதவியாளராக வேலை பார்ப்பவன். தன் பொறுப்பில் இருக்கும் நோயாளி ஒருவரை யாரோ கொல்ல முயல்வதைக் கண்டு காப்பாற்றுகிறான். கர்ப்பிணியான அவன் மனைவி கடத்தப்படுவது அந்த நற்செயலுக்குக் கிடைக்கும் பலன். போலீஸ் காவலில் இருக்கும் அந்த நோயாளியைச் சில மணி நேரத்துக்குள் வெளியே கொண்டுவந்து ஒப்படைக்க வேண்டும் என்பது நிபந்தனை. 85 நிமிடங்களில் முடிந்துவிடும் இப்படத்தில், அவன் பாரிஸ் மெட்ரோ வழியே ஓடும் ஓட்டம் அடிதடிக் காட்சிகளைவிட நன்றாக எடுக்கப்பட்டிருக்கிறது. ஓடிப் பழக்கமில்லாதவன் எப்படி ஓடுவானோ அப்படியே மூச்சிரைத்து, மோதி, தடுமாறி ஓடுகிறான்.

இந்தக் கதை பிற மொழிகளுக்குப் போனபோது நேர்ந்தது இதைவிடச் சுவையானது. 2014இல் வந்த கொரியப் பதிப்பான ‘தி டார்கெட்’டில் உதவியாளன் மருத்துவராகப் பதவி உயர்வு பெற்றான், படமோ, காயமடைந்த முன்னாள் கூலிப்படை வீரனின் கைக்குப் போய்விட்டது. 2019 ஜூலையில், ஒரே மாதத்தில், இரண்டு பதிப்புகள் வந்தன. நெட்ஃப்ளிக்ஸின் அமெரிக்கப் பதிப்பு செவிலியரைச் செவிலியராகவே விட்டுவைத்தது, ஆனால் நகைச்சுவையை அளவுக்கு மீறிக் கலந்து பதற்றத்தைக் கெடுத்துக்கொண்டது. கோலாலம்பூரில் நடப்பதாக ராஜேஷ் எம். செல்வா எடுத்த தமிழ்ப் பதிப்பு ‘கடாரம் கொண்டான்’. அதில் கர்ப்பிணி மனைவியைத் தேடும் இளைஞராக அபி ஹாசன் நடித்திருந்தபோதிலும், படத்தின் பாரம் முழுவதும் விக்ரமின் தோளுக்கு மாறிவிட்டது. விக்ரமின் நிதானமான நடையையும் குறைந்த பேச்சையும் நான் ரசித்தேன். எனினும் மனைவியைப் பறிகொடுத்தவனைப் பின்இருக்கையில் உட்காரவைத்துவிட்டு, இழப்பதற்கு எதுவுமில்லாதவரை வண்டி ஓட்டவிட்டால், படம் யாருக்காகப் பதறுவது?

கவாயேயின் முதல் படமான ‘பூர் எல்’ 2008இல் வந்தது. கொலைப் பழி சுமத்தப்பட்டு இருபது ஆண்டுச் சிறைத்தண்டனை பெற்ற மனைவியைச் சிறையிலிருந்து தப்புவிக்க, பள்ளி ஆசிரியராக இருக்கும் கணவர் திட்டமிடுகிறார். அதை பால் ஹாகிஸ் 2010இல் ரஸ்ஸல் க்ரோவை வைத்து ‘தி நெக்ஸ்ட் த்ரீ டேஸ்’ என்று மறுபடி எடுத்தார். அசலைவிட ஏறத்தாழ அரைமணி நேரம் நீளம் என்பதைத் தவிர்த்துப் பார்த்தால் மதிக்கத்தக்க மறுஆக்கம். பூட்டைத் திறக்கும் வித்தையை இணையத்தில் பார்த்துக் கற்றுக்கொண்டு, சிறைக்குள்ளேயே அதைச் சோதித்துப் பார்க்கும் க்ரோவின் சாவி உடைந்துவிடுகிறது. மாட்டிக்கொள்ளாமல் எப்படியோ தப்பி வெளியே வந்தவர் வாந்தி எடுக்கிறார். பெட்டி நிறையத் துப்பாக்கி வைத்திருக்கும் நாயகர்கள் எவரும் வாந்தி எடுத்து நான் பார்த்ததில்லை.

ஓடிடி தளங்களில் குவிந்து கிடக்கும் மற்ற சரக்கைப் பற்றி விரிவாக எழுத அதிகம் இல்லை. சுவரொட்டியில் பெரிதாக இருக்கும் மூத்த நட்சத்திரம் படத்தில் மொத்தம் பத்து நிமிடம் நாற்காலியில் அமர்ந்து தொலைபேசியில் பேசுகிறார். ஓரிரு நாள் கால்ஷீட்டில் எடுத்து முடித்தவை என்பது பார்த்தாலே தெரியும். துப்பாக்கியின் தீப்பொறியும் தெறிக்கும் இரத்தமும் கணினியில் ஒட்டப்பட்டவை. அதனால் சுட்டவர் தோளில் அதிர்வில்லை, சுடப்பட்டவர் சட்டையில் ஈரமில்லை. இருட்டில் எடுத்தால் அரங்க அமைப்பின் ஏழ்மை தெரியாது என்று நினைத்து, யார் யாரை அடிக்கிறார் என்பதே தெரியாமல் எடுத்திருக்கிறார்கள். இவற்றையெல்லாம் மன்னித்தாலும் ஒலியை மன்னிக்க முடியவில்லை. உரையாடல் காதில் விழ ஒலியைக் கூட்டினால், அடுத்த நொடியே பின்னணி இசை வந்து செவியில் அறைகிறது.

பணமில்லை என்பதை இதற்கெல்லாம் சாக்காக ஏற்பதற்கில்லை. ராபர்ட் ரோட்ரிகஸ் 1992இல் வெளிவந்த ‘எல் மரியாச்சி’யைச் சுமார் 7,000 டாலரில் எடுத்தார். கேமராவை நகர்த்தும் தள்ளுவண்டிக்குப் பதில் சக்கர நாற்காலி. படம்பிடிக்கும்போது ஒலிப்பதிவு கிடையாது, தனியாகப் பதிவு செய்து பின்னர் சேர்த்துக்கொண்டார். கொலைகாரன் என்று தவறாக எண்ணப்பட்டு விரட்டப்படும் பாட்டுக்காரனின் கதை அது. கடைசியில் அவன் காதலியை மீட்கப் போகிறான், மீட்க முடியவில்லை. பின்னாளில் ஸ்டுடியோ வாங்கி மெருகேற்றி வெளியிட்டது உண்மைதான், ஆனால் அந்தத் தோல்வியை எழுதுவதற்கு அவருக்குக் காசு எதுவும் தேவைப்பட்டிருக்காது.

இவ்வகைப் படங்களில் எனக்குள்ள இன்னொரு மனக்குறை, மீட்கப்பட வேண்டிய பெண்ணை ஒரு பொட்டலம் போல நடத்துவது. முதல் பத்து நிமிடத்தில் சிரித்து, கடைசிப் பத்து நிமிடத்தில் அழுவதைத் தவிர அவளுக்கு வேலை இல்லை. இடைப்பட்ட நேரத்தில் ஒரு நாற்காலியில் கட்டப்பட்டிருக்கிறாள். ‘பிரேக்டவுன்’ இதிலும் சற்று மேல். மனைவியை நெடுநேரம் திரையில் காட்டாவிட்டாலும், இறுதிச் செயலை அவள் கையில் கொடுத்திருக்கிறது; அது என்ன என்பதை இங்கே சொல்லப்போவதில்லை.

ஒரே ஒரு இரவுக்கு நேரமிருப்பவர்கள் ‘பிரேக்டவுன்’ பார்க்கலாம். இன்னொரு இரவும் கிடைத்தால் ‘ஆ பூ போர்த்தான்’ பார்க்கலாம், அதன் வழித்தோன்றல்களை அதற்குப் பிறகு வைத்துக்கொள்ளலாம். கதைச்சுருக்கத்தில் ‘முன்னாள்’ என்ற சொல்லைக் கண்டால் நான் இப்போதெல்லாம் அடுத்த படத்துக்குப் போய்விடுகிறேன். நேற்றிரவு தொடங்கிய படத்தின் சுருக்கத்தில் அந்தச் சொல் இல்லை. நாயகர் கடிகாரம் பழுதுபார்ப்பவர், மூக்குக்கண்ணாடி அணிந்தவர், மாடிப்படி ஏறினால் இளைப்பவர். மகளைக் காணவில்லை என்று செய்தி வந்ததும் தொலைபேசியை வைத்துவிட்டு, மெல்ல நிமிர்ந்து பரணைப் பார்த்தார். அணைத்துவிட்டேன்.