வஹாகாவில் கம்பளி விரிப்பு வாங்கப் போகிறவர்கள் இதைப் படித்துவிட்டுப் போங்கள்

மெக்ஸிகோவின் வஹாகாவுக்கு டிக்கெட் போட்டிருக்கிறீர்களா? அங்கே தெருவில் விற்கிற "ஒரே நாளில் ஐந்து இடம்" வேன் சுற்றுலாவுக்குப் பணம் கட்டும் முன் இதைக் கொஞ்சம் படியுங்கள். நானும் அக்காவும் போன நவம்பரில் ஹூஸ்டனிலிருந்து போய் ஒன்பது நாள் தங்கினோம். ஊரைப் பற்றி எனக்கு ஒரு குறையும் இல்லை. ஆனால் அந்த ஒரு நாளில் எங்களுக்கு நடந்தது இன்னொருவருக்கு நடக்கக் கூடாது.

ஊர் நடுவில் இருக்கும் சதுக்கத்தை சோக்கலோ என்பார்கள். அதை ஒட்டிய தெருவில் ஒரு சின்ன மேஜை போட்டு உட்கார்ந்திருந்தவரிடம் பதிவு செய்தோம். தூலே மரம், தியோதித்லான் தெல் வாயே நெசவு கிராமம், மித்லா இடிபாடுகள், இயெர்வே எல் ஆகுவா மலை ஊற்று, ஒரு மெஸ்கால் சாராய வடிசாலை என்று ஐந்து இடம். ஆங்கிலம் பேசும் வழிகாட்டி உண்டு, நுழைவுக் கட்டணம் எல்லாம் இதிலேயே அடக்கம் என்றார். ரொக்கமாக வாங்கிக்கொண்டு தொகையை மட்டும் எழுதி ஒரு துண்டுச் சீட்டு கொடுத்தார். என்னென்ன அடக்கம் என்று அதில் ஒரு வரிகூட இல்லை. அங்கேயே கேட்டு எழுதி வாங்கியிருக்க வேண்டும்.

மறுநாள் ஒன்பது மணிக்கு வர வேண்டிய வேன் பத்தேகாலுக்கு வந்தது. வழிகாட்டிக்கு ஆங்கிலம் தெரியாது. அக்கா மருத்துவமனையில் வேலை பார்ப்பதால் ஸ்பானிஷ் நன்றாகப் பேசுவாள், நாள் முழுக்க அவள்தான் எனக்கும் வேனில் இருந்த இன்னும் நான்கு பேருக்கும் மொழிபெயர்த்தாள். நுழைவுச்சீட்டுக்கு எல்லா இடத்திலும் தனியாகக் காசு கொடுத்தோம். மலை ஊற்றுக்கு "இன்று நேரமில்லை" என்று சொல்லிப் போகவே இல்லை.

நேரம் எங்கே போனது என்று நான் குறித்து வைத்திருக்கிறேன். தூலேயில் இருபது நிமிடம். அந்த மரத்தின் அடித்தண்டு குறுக்காகவே 14 மீட்டர் வரும், பார்த்து நிற்க இருபது நிமிடம் போதும் என்றே வைத்துக்கொள்ளலாம். அப்புறம் விரிப்புக் கடையில் ஒன்றரை மணி நேரம், அவர்களே கூட்டிப்போன சாப்பாட்டுக் கடையில் ஒரு மணி நேரம், மெஸ்கால் கடையில் ஒரு மணி நேரம். மித்லாவுக்குக் கிடைத்தது முப்பத்தைந்து நிமிடம்.

மித்லாவுக்காகத்தான் நான் அந்தச் சுற்றுலாவிலேயே சேர்ந்தேன். சபோதெக் மக்கள் கட்டிய இடம் அது. சுவர் முழுக்கச் சின்னச் சின்னக் கற்களைச் செதுக்கி, சாந்து இல்லாமல் ஒன்றோடொன்று பொருத்திப் படிக்கட்டும் சுருளுமாகக் கோலம் போட்டிருப்பார்கள். கிரெக்கா என்று அதற்குப் பெயர். தியோதித்லான் நெசவாளர்கள் தறியில் நெய்வதும் இதே கோலங்களைத்தான். ஆறு ஒற்றைக்கல் தூண்கள் நிற்கும் கூடத்தில் கண் பழகுவதற்குள் வழிகாட்டி வெளியே நின்று கைதட்டிக் கூப்பிட்டுவிட்டார். நகரத்திலிருந்து 45 கிலோமீட்டர் வந்தும், வடக்குப் பக்கச் சுவரைக் கிட்டப் போய்ப் பார்க்க முடியவில்லை.

சரி, விரிப்பு விஷயத்துக்கு வருகிறேன்.

அந்தக் கடையில் முதலில் சாயம் காட்டினார்கள். சப்பாத்திக்கள்ளி மடலில் வெள்ளைப் பொடி போல ஒட்டியிருக்கும் கொச்சினியா பூச்சியை ஒரு பையன் சுரண்டி எடுத்து உள்ளங்கையில் நசுக்கினான். ரத்தச் சிவப்பு. எலுமிச்சை இரண்டு சொட்டு விட்டதும் ஆரஞ்சு. சமையல் சோடா தூவியதும் ஊதா. இதில் ஒரு பொய்யும் இல்லை. ஸ்பானியர்கள் வருவதற்கு முன்பிருந்தே அந்த மண்ணில் இருக்கிற சாயம்தான், அது வேலை செய்யும் விதமும் அதுதான். அதைக் கண்ணால் பார்த்துவிட்ட பிறகு, பின்னால் சுவரில் தொங்கிய நூற்றுக்கணக்கான விரிப்புகளும் அதே சாயம் என்று எங்கள் மனம் தானாகவே முடிவு கட்டிவிட்டது. செய்து காட்டியது உண்மையாக இருந்ததால்தான் விற்றதைச் சந்தேகிக்கத் தோன்றவில்லை.

சிவப்பும் சாம்பலுமாக மித்லா கோலம் போட்ட ஒன்றை எடுத்தோம். முழுக்கக் கம்பளி, முழுக்க இயற்கைச் சாயம், பாட்டி மூன்று மாதம் உட்கார்ந்து நெய்தது என்றார்கள். 9,000 பெசோவில் ஆரம்பித்து, இன்று மட்டும் என்று 6,500க்கு வந்தார்கள். அட்டைக் கருவியில் டாலரா பெசோவா என்று திரையில் கேள்வி வந்தது, நான் படிப்பதற்குள் கடைக்காரரே டாலரை அழுத்திவிட்டார். ஊருக்கு வந்து கணக்குப் பார்த்தபோது அதில் மட்டும் எட்டு சதவீதம் அதிகம் போயிருந்தது. வெளிநாட்டில் எப்போதும் உள்ளூர் நாணயத்தையே தேர்ந்தெடுங்கள், கருவியை உங்கள் கையில் வாங்கி நீங்களே அழுத்துங்கள். இன்னொன்று: மெக்ஸிகோவில் பெசோவுக்கும் டாலர் குறியைத்தான் போடுவார்கள். விலைச்சீட்டைப் பார்த்துக் குழம்பினால் பெசோவா என்று வாய்விட்டுக் கேளுங்கள்.

ஏமாந்தது தெரிந்தது ஞாயிற்றுக்கிழமை. த்லாகோலுலா வாரச்சந்தைக்கு நாங்களே போனோம். பின்னலில் பட்டு ரிப்பன் கோத்த பெண்கள், காலைக் கட்டி விற்கும் வான்கோழிகள், வறுத்த வெட்டுக்கிளிக் கூடைகள். சோளமும் கொக்கோவும் மாமெய் பழக்கொட்டையும் அரைத்துக் கையாலேயே கலக்கி நுரை எழுப்பும் தெஹாத்தே என்ற பானத்தை, வண்ணம் தீட்டிய சுரைக்குடுக்கையில் ஊற்றித் தந்தார்கள். அங்கே யாரும் எங்களை அவசரப்படுத்தவில்லை, யாரும் அதிக விலை சொல்லவும் இல்லை.

அங்கிருந்து தியோதித்லானுக்குப் போய், பெரிய சாலையில் வேன்கள் நிற்கும் கடைகளைத் தாண்டி ஊருக்குள் நடந்தோம். ஒரு வீட்டு முற்றத்தில் தறி ஓடும் சத்தம் கேட்டு உள்ளே போனோம். நெய்துகொண்டிருந்த அம்மாவிடம் அக்கா எங்கள் விரிப்பின் படத்தைக் காட்டினாள், பையில் இருந்த விரிப்பையும் விரித்தாள். அவர் விரலால் தடவிப் பார்த்து, பின்பக்கத்தில் ஊடை நூலில் ஒரு சின்னத் துண்டை வெட்டித் தீக்குச்சியில் காட்டினார். உருகிச் சொட்டிக் கறுப்பு மணியாக இறுகியது. பிளாஸ்டிக் நாற்றம். அப்புறம் தன் கூடையிலிருந்து கம்பளி நூல் ஒன்றை எடுத்துக் கொளுத்தினார். முடி கருகும் வாசனை, விரலில் எடுத்தால் பொடியாக உதிரும் சாம்பல். எங்களுடையதில் செயற்கை நூல் கலந்திருக்கிறது, அந்தச் சிவப்பும் டப்பாச் சாயம்தான் என்று தயங்கித் தயங்கித்தான் சொன்னார்.

அவர் சொன்ன இன்னொன்றும் முக்கியம். செயற்கை நூலில் நெய்வதோ டப்பாச் சாயம் போடுவதோ தப்பில்லை, அந்த ஊரிலேயே பலர் செய்கிறார்கள், அப்படிச் சொல்லிக் குறைந்த விலைக்கு விற்கிறார்கள். ஆனால் கம்பளியைக் கழுவி, சிக்கெடுத்து, நூற்று, படிகாரத்தில் ஊறவைத்துப் பூச்சிச் சாயம் ஏற்றி நெய்கிறவர் எங்கள் அளவு விரிப்பை 6,500க்குக் கொடுக்கவே முடியாது. அவருடைய விலை 14,000. வேனில் வந்து போகிறவர்கள் "அங்கே பாதி விலைக்கு இதே சாயம் கிடைக்கிறதே" என்று இவரிடம் பேரம் பேசுவார்களாம். வழிகாட்டிக்குக் கமிஷன் கொடுக்காத வீடுகளுக்கு வேனும் வராதாம். பணம் போனதைவிட எனக்கு இதுதான் அதிகம் வலித்தது. எங்களால் 14,000 முடியவில்லை, சின்னதாக ஒன்று 1,800க்கு வாங்கினோம். நாங்கள் கேட்காமலே கையால் ரசீது எழுதி, "சியென் போர் சியென்தோ லானா, தின்தே நத்துரால்" என்று போட்டுக் கொடுத்தார். நூறு சதவீதம் கம்பளி, இயற்கைச் சாயம் என்று பொருள். நீங்கள் எந்தக் கடையில் வாங்கினாலும் இந்த வரியை ரசீதில் எழுதச் சொல்லுங்கள். எழுத மறுத்தால் திரும்பி வந்துவிடுங்கள். எங்கள் 6,500 ரசீதில் "கைவினைப் பொருள்" என்று மட்டும்தான் இருந்தது, பணத்தைத் திருப்பிக் கேட்டபோது அதைக் காட்டியே மறுத்துவிட்டார்கள்.

மோண்டே அல்பானில் ஒரு எச்சரிக்கை. மலையுச்சியில் சபோதெக் மக்கள் ஏறத்தாழ 2,500 ஆண்டுகளுக்கு முன் எழுப்பிய நகரம், நாங்களே பேருந்தில் போய் மூன்று மணி நேரம் சுற்றினோம். நடனக்காரர்கள் என்று பெயர் வைத்த கல் உருவங்கள் உண்மையில் கொல்லப்பட்ட கைதிகள் என்று இப்போது ஆய்வாளர்கள் கருதுகிறார்கள். தெரிந்துகொண்டு பார்த்தால் அந்த முறுக்கிய கைகால்கள் நெஞ்சைப் பிசைகின்றன. அங்கே பாதையோரத்தில் ஒருவர் செய்தித்தாளில் சுற்றிய மண் பொம்மையை ரகசியமாகக் காட்டி, வயலில் தோண்டி எடுத்த அசல் என்பார். வாங்காதீர்கள். புதுசாகச் செய்து மண் பூசியதென்றால் ஏமாந்தீர்கள், அசல் என்றால் குற்றம். 1972இன் கூட்டரசுச் சட்டப்படி ஸ்பானியருக்கு முந்தைய பொருள் எல்லாம் நாட்டின் சொத்து, வெளியே கொண்டுபோகக் கூடாது.

இந்த ஊர்களுக்குச் சுற்றுலா வேனே தேவையில்லை. வஹாகா நகரத்தின் பேஸ்பால் மைதானத்துக்குப் பக்கத்திலிருந்து மித்லாவுக்கும் த்லாகோலுலாவுக்கும் தியோதித்லானுக்கும் பகிர்வு டாக்ஸிகள் போகின்றன. கொலெக்திவோ என்பார்கள், முன்கண்ணாடியில் ஊர்ப்பெயர் எழுதியிருக்கும், ஆள் நிறைந்ததும் கிளம்பும். மித்லாவுக்கு நாங்கள் கடைசி நாளில் அதில்தான் மறுபடி போனோம், அந்த வடக்குச் சுவர் முன்னால் ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தோம்.

மெக்ஸிகோவின் நுகர்வோர் பாதுகாப்பு அமைப்பான ப்ரோஃபெக்கோவுக்கு ரசீது, படங்கள், எரித்த நூலின் படம் எல்லாம் சேர்த்து அக்கா ஸ்பானிஷில் புகார் அனுப்பியிருக்கிறாள். பதில் வந்தால் இங்கேயே எழுதுகிறேன்.