லிம் சூ காங் ஆட்டுப் பண்ணை: பால் கறக்கும் நேரத்தில் சென்று பாருங்கள்

சிங்கப்பூரில் வளரும் பிள்ளைகள் ஆடு மாடுகளை அருகில் நின்று பார்க்கும் வாய்ப்பு, பெரும்பாலும் பொங்கலை ஒட்டித் தேக்காவில் அமைக்கப்படும் கொட்டகையோடு முடிந்துவிடுகிறது. மற்ற நாள்களில் எங்கே அழைத்துச் செல்வது என்று கேட்கும் பெற்றோருக்கு, லிம் சூ காங்கில் உள்ள ஹே டெய்ரீஸ் ஆட்டுப் பண்ணையைத் தயங்காமல் பரிந்துரைப்பேன்.

இது ஒரு குடும்பத்தின் பண்ணை. முன்பு பன்றி வளர்த்துவந்த அக்குடும்பம், பன்றிப் பண்ணைகளைப் படிப்படியாக மூடுவதென அரசாங்கம் 1980களில் முடிவெடுத்த பின்னர், 1988இல் ஆடு வளர்ப்புக்கு மாறியது. பார்வையாளர்களுக்கென்று உருவாக்கிய காட்சிக்கூடமாக இல்லாமல், அன்றாடம் பால் கறந்து விற்கும் தொழிலிடமாகவே இருப்பதுதான் இதன் சிறப்பு என்பேன்.

ஆகவே, காலையிலேயே போய்விடுவது நல்லது. ஆடுகள் வரிசையாக மேடையேறித் தீவனத்தில் வாய் வைத்ததும், மடியைத் துடைத்துக் காம்புகளில் கறவை இயந்திரத்தைப் பொருத்துகிறார்கள். பசுவுக்கு நான்கு காம்புகள், ஆட்டுக்கு இரண்டே என்பதைப் பிள்ளைகள் தாங்களே எண்ணிப் பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பால் என்றாலே பேரங்காடியின் அட்டைப்பெட்டியை நினைக்கும் ஒரு குழந்தைக்கு, அது ஓர் உயிரின் உடலிலிருந்து, அதுவும் குட்டி ஈன்ற தாயிடமிருந்து வருகிறது என்பதை இதைவிடத் தெளிவாக எந்தப் பாடநூலாலும் காட்ட முடியாது. மதியம் வந்தால் ஆடுகளைப் பார்க்கலாமே தவிர, இந்தக் காட்சி கிடைக்காது.

கொட்டகைகளில் நிற்பவை எல்லாம் ஒரே வகை ஆடுகள் அல்ல. தூய வெண்ணிறமுடையது சானேன். முகத்தின் இருபுறமும் வெள்ளைக் கோடு ஓடும் பழுப்பு நிற ஆடு டோகன்பர்க். நம்மூர் ஆடுகளைப் போல நீண்டு தொங்கும் காதுகளைக் கொண்டது நூபியன். குதிரைமசால் வைக்கோலை வாங்கி ஊட்டலாம். ஆட்டுக்கு மேல்தாடையில் முன்பற்கள் கிடையாது என்பதை முன்கூட்டியே சொல்லிவைத்தால், பயந்த பிள்ளைகளும் கையை நீட்டுவார்கள். இருந்தாலும் விரல்களை வாய்க்குள் விடாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். பண்ணை என்பதால் ஆட்டு வாடையும் புழுக்கையும் இருக்கவே செய்யும். அதற்கு முகம் சுளிக்க வேண்டாம் என்று பிள்ளைகளிடம் சொல்வதற்கு முன், பெரியவர்கள் தங்களுக்குச் சொல்லிக்கொள்வது நல்லது.

பாலைப் பற்றியும் சொல்ல வேண்டும். ஆட்டுப்பாலில் கவிச்சி அடிக்கும் என்று நம் வீடுகளில் பலர் அதைத் தொடுவதே இல்லை. இங்கே பதப்படுத்திக் குளிரூட்டி விற்கும் பால் அப்படி இல்லை. வெண்மையாகவும், நாவில் இலேசாகவும், மெல்லிய இனிப்போடும் இருக்கிறது. சாக்லேட் சேர்த்த பாலும் உண்டு, ஆனால் முதலில் சாதாரணப் பாலையே சுவைத்துப் பார்க்க வேண்டும் என்பது என் கருத்து. பசும்பால் ஒவ்வாமை உள்ள குழந்தைகளுக்கு ஆட்டுப்பாலும் பெரும்பாலும் ஒத்துக்கொள்ளாது என்பதால், மருத்துவரைக் கேட்காமல் மாற்றாகக் கொடுத்துவிடாதீர்கள்.

லிம் சூ காங் சாலை வழியாக 975ஆம் எண் பேருந்து செல்கிறது. இறங்கியபின் வெயிலில் சற்றுத் தூரம் நடக்க வேண்டும். முதியோரோடு செல்பவர்களுக்குக் கார் வசதியானது. திரும்பும்போது அந்தப் பகுதியில் டாக்சி எளிதில் கிடைக்காது என்பதையும், செவ்வாய்க்கிழமை பண்ணைக்கு விடுமுறை என்பதையும் மனத்தில் வைத்துத் திட்டமிடுங்கள். பால் வாங்கும் எண்ணம் இருந்தால், பனிக்கட்டி வைத்த பை ஒன்றையும் கொண்டுசெல்லுங்கள்.