படகைச் சொந்தக்காரங்களுக்குக் கொடுக்கப் போறீங்களா? 64,000 போன கதை இது

64,000. மச்சானுக்கு ஒரே ஒரு நாள் படகு கொடுத்ததுக்கு என் கையிலிருந்து போன பணம். நேத்து சாயங்காலம்தான் கடைசிப் பாக்கியைக் கட்டிட்டுப் படகை எடுத்துட்டு வந்தேன். அந்தச் சூட்டோடதான் எழுதுறேன், கோர்வையா வரலைன்னா பொறுத்துக்கோங்க. புரொப்பெல்லர், அதாவது படகைத் தள்ளுற விசிறி, அடிபட்டா என்னென்ன பாக்கணும்னு கடைசியில விவரமாச் சொல்றேன். முதல்ல நடந்ததைச் சொல்லிடறேன்.

என் மனைவியோட தம்பி கேட்டான். "மாமா, மாமனார் வீட்டு ஆளுங்க எல்லாரும் வந்திருக்காங்க, ஒரு நாள் படகு கொடுங்க, பொழுது சாயறதுக்குள்ள கொண்டாந்து விட்டுடறேன்." அவன் என்கூடப் பல தடவை வந்தவன். ஸ்டீயரிங் பிடிச்சு ஓட்டியும் இருக்கான். அப்படியும் மூணு விஷயம் சொல்லித்தான் கொடுத்தேன். நீ மட்டும்தான் ஓட்டணும். ஆழம் குறையுற இடத்துல வேகத்தைக் குறைச்சு இன்ஜினைத் தூக்கிடணும். கில் சுவிட்ச் கயிறை, அதாவது ஓட்டுறவர் தவறி விழுந்தா இன்ஜினை நிறுத்துற கயிறை, மாட்டாம ஸ்டார்ட் பண்ணக் கூடாது. எல்லாத்துக்கும் தலையாட்டினான். சாவியைக் கையில வாங்கினதுமே அந்தச் சிவப்புக் கயிறை எடுத்து மணிக்கட்டுல சுத்திக் காட்டி, "பாத்தீங்களா மாமா, மறக்க மாட்டேன்"னு சிரிச்சான். இவ்வளவு பொறுப்பா இருக்கானேன்னு நானும் நிம்மதியா வீட்டுக்கு வந்துட்டேன்.

சாயங்காலம் சாவி வந்துடுச்சு. டேங்க் நிறையப் பெட்ரோல், படகுக்குள்ள ஒரு குப்பை இல்ல. "சூப்பரா போச்சு மாமா"ன்னான். மறுநாள் காலையில படகைக் கழுவப் போனேன். புரொப்பெல்லருக்கு மேல ஒரு துத்தநாகக் கட்டி இருக்கும், அனோடுன்னு சொல்லுவாங்க. தண்ணியில உப்பு அரிப்பை அது வாங்கிக்கிட்டு இன்ஜினைக் காப்பாத்தும். அதுமேல பெயின்ட் படவே கூடாது, பட்டா அது வேலை செய்யாது. என் படகுல அது எப்பவும் வெளிறிப்போன சாம்பல் நிறத்துல இருக்கும். அன்னிக்குக் கறுப்பா இருந்துச்சு. ஸ்ப்ரே பெயின்ட் தூறல்!

கீழ குனிஞ்சு பாத்தா மூணு இறக்கையும் பளபளன்னு புதுக் கறுப்பு. நகத்தால சுரண்டினேன், உரிஞ்சு வந்துச்சு. உள்ள ஒரு இறக்கையோட ஓரம் மடங்கியிருக்கு. இன்னொண்ணுல கட்டை விரல் நகம் அளவுக்குத் துண்டே காணோம். பிஞ்ச இடத்துல அரம் போட்டுத் தேச்ச கோடு கோடா இருக்கு. அதாவது இடிச்சிருக்காங்க, உக்காந்து அரம் போட்டிருக்காங்க, கடைக்குப் போய் ஸ்ப்ரே டப்பா வாங்கிட்டு வந்து அடிச்சிருக்காங்க. அதுக்கப்புறம் என் வீட்டுக்கு வந்து சிரிச்சுக்கிட்டே சாவி கொடுத்திருக்காங்க. இடிச்சதுக்கு எனக்குக் கோபமே இல்ல. தண்ணிக்குள்ள பாறை யார் கண்ணுக்குத் தெரியும்? யார் ஓட்டினாலும் நடக்கும். அந்தப் பெயின்ட்தான் இன்னிக்கு வரைக்கும் வயிறு எரியுது.

போன் போட்டேன். "அப்படியா மாமா? நாங்க ஒண்ணும் பண்ணலையே." போட்டோ அனுப்பினதும், "லேசா மணல்ல உரசுச்சு." மணல்ல உரசினா இறக்கையோட விளிம்பு முழுக்க ஒரே சீரா மழுங்கும், பெயின்ட் தேஞ்சு உலோகம் பளிச்சுனு தெரியும். துண்டு பிஞ்சு வராது. அதைச் சொன்னதும் ஒரு நிமிஷம் பேச்சே இல்ல. அப்புறம்தான் உண்மை வந்துச்சு. ஓட்டினது இவன் இல்லையாம், இவனோட சகலையாம். "நான் ஓட்டலையே மாமா"ன்னு அதையே சமாதானமாச் சொல்றான். சாவியை நான் யார் கையில கொடுத்தேன்?

சரி, பணத்தைப் பத்தி அப்புறம் பேசிக்கலாம், முதல்ல படகைப் பாப்போம்னேன். "நமக்குத் தெரிஞ்ச கடை இருக்கு மாமா, நானே கூட வரேன், செலவு என்னோடது"ன்னான். படகுக்குப் பின்னாடி வெளிய மாட்டுற அவுட்போர்டு இன்ஜினை சர்வீஸ் பண்ற கடை, பேரு வேண்டாம். கடைக்காரர் இறக்கை ஓரத்துல விரலை ஓட்டிப் பாத்துட்டு, "இது ஒண்ணுமே இல்ல சார், தட்டி நேராக்கி, பிஞ்ச இடத்துல வெல்டு வெச்சு, பேலன்ஸ் பாத்துக் கொடுத்துடறேன்"னாரு. புரொப்பெல்லரைச் சுத்துற தண்டுதான் ஷாஃப்ட். நான் கேட்டேன், "ஷாஃப்ட் கோணியிருக்கான்னு பாத்தீங்களா?" "அதெல்லாம் பாத்தாச்சு, நூல் பிடிச்ச மாதிரி நேரா இருக்கு." பக்கத்துல நின்ன மச்சான் என் தோளைத் தட்டி, "இவரு கை வெச்சா அதுக்கப்புறம் பேச்சே இல்ல மாமா"ன்னான். புரொப்பெல்லரைக் கழட்டாம ஷாஃப்டோட முனை சரியாவே தெரியாது. அவரு அதுவரைக்கும் நட்டுல கையே வைக்கல. ஆனா இருபது வருஷமா இதே தொழில்னு சொல்ற மனுஷன் முகத்தைப் பாத்து "பாத்தாச்சு"ங்கறப்ப யாரா இருந்தாலும் நம்பத்தான் செய்வாங்க. நம்பினேன். பில் கொடுக்குற நேரத்துல மச்சான் போன் பேசிக்கிட்டே வெளிய போயிட்டான். நான் கட்டினேன்.

தண்ணியில இறக்கினா, பாதி த்ராட்டில் தாண்டினதும் பின்பக்கம் முழுக்க அதிருது. காலுக்குக் கீழ தரை நடுங்குது. கடைக்காரருக்குப் போன் பண்ணினா, "புது வெல்டு சார், ரெண்டு மூணு தடவை ஓட்டினா செட் ஆகிடும்." உலோகம் எங்கேயாவது ஓட்ட ஓட்ட செட் ஆகுமா? மறுபடி போன் பண்ணினேன், "இன்ஜின் பழசுல சார்." நேர்ல போனேன், "மெயின் ஆள் இல்ல, நாளைக்கு வாங்க." நாளைக்குப் போனா, "நாங்க வேலை பாத்தது புரொப்பெல்லர் மட்டும்தான், உள்ள என்ன இருந்துச்சோ எங்களுக்கு எப்படித் தெரியும்?" ஷாஃப்ட் பாத்தாச்சுன்னு சொன்னீங்களேன்னு கேட்டா, "நான் அப்படிச் சொல்லவே இல்லையே"ங்கறாரு. மச்சானைச் சாட்சிக்குக் கூப்பிட்டேன். "எனக்குச் சரியா ஞாபகம் இல்ல மாமா."

அதுக்கப்புறம் வேற ஒரு மெக்கானிக்கிட்ட கொண்டு போனேன். அவர் முதல்ல ஸ்பார்க் பிளக் ஒயரைக் கழட்டினார், கியரை நியூட்ரல்ல வெச்சார், புரொப்பெல்லரை உருவினார். ஷாஃப்ட் முனைக்கு நேரா ஒரு பென்சில் நுனியை அசையாமப் பிடிச்சுக்கிட்டு, ஷாஃப்டைக் கையால மெதுவாச் சுத்தச் சொன்னார். நேரா இருந்தா பென்சிலுக்கும் முனைக்கும் நடுவுல இருக்குற இடைவெளி மாறாது. என்னோடது ஒரு பக்கம் பென்சிலைத் தொடுது, அரைச் சுத்துல விலகிப் போகுது. கண்ணாலயே தெரியுது! ரெண்டு நிமிஷ வேலை. இதை அந்தக் கடையில செஞ்சிருந்தா கதை அங்கேயே முடிஞ்சிருக்கும்.

அடுத்து கியர் பாக்ஸுக்குக் கீழ இருக்குற ஸ்க்ரூவைத் திறந்தார். முதல்ல தண்ணி சொட்டுச்சு. அப்புறம் எண்ணெய், பாலைக் கலந்த மாதிரி வெளுத்துப்போய் வழிஞ்சுது. ஸ்க்ரூ நுனியில இருக்குற காந்தத்துல மாவு மாதிரி மெல்லிசா ஒட்டியிருந்தா அது வழக்கமான தேய்மானம். என்னோடதுல சின்னச் சின்னச் சில்லு. அவர் அதை விரல்ல எடுத்து என் உள்ளங்கையில வெச்சு, "இது கியர் பல்லு"ன்னார்.

பாறையில இடிச்சப்பவே ஷாஃப்ட் கோணியிருக்கு. கோணின ஷாஃப்ட் சுத்தச் சுத்த, தண்ணி உள்ள வராமத் தடுக்குற ஆயில் சீலோட உதட்டைத் தின்னுடுச்சு. சீல் போனதும் தண்ணி உள்ள ஏறியிருக்கு. எண்ணெயோட வழவழப்பு போய், பேரிங்ல துரு பிடிச்சு, கியர் பல்லு உடைஞ்சிருக்கு. புரொப்பெல்லருக்குள்ள ஒரு ரப்பர் புஷ் இருக்கும், அடி பலமாப் பட்டா அது வழுக்கிக் கொடுத்துக் கியரைக் காப்பாத்தும். அலுமினிய இறக்கையும் தானே மடங்கி அடியை ஓரளவு வாங்கிக்கும். ரெண்டையும் மீறி ஷாஃப்டே கோணியிருக்குன்னா எவ்வளவு வேகத்துல இடிச்சிருப்பாங்கன்னு நீங்களே கணக்குப் போட்டுக்கோங்க. அதுவும் போக, வெல்டு வெச்சவர் ஒரு இறக்கையில கூடுதலா உலோகத்தை ஏத்தி விட்டிருக்காரு. பேலன்ஸே பாக்கல. அந்த அதிர்வும் சேர்ந்துதான் சீலைச் சீக்கிரமாக் கொன்னுருக்கு.

ஷாஃப்ட், கியர், பேரிங், சீல், புது புரொப்பெல்லர், வேலைக்கூலி, முதல் கடையில கொடுத்தது எல்லாம் சேர்த்து 64,000. மச்சானுக்கு பில்லை அனுப்பினேன். பாத்துட்டான், பதில் இல்ல. சகலைக்கு அனுப்பினேன். "தெரியாம நடந்ததுக்கு இவ்வளவா? எங்ககிட்ட கேட்டுட்டா ரிப்பேர் பண்ணீங்க?"ன்னு எழுதியிருக்கார். மாமியார் போன் பண்ணி, "ஒரு விசிறிக்காக உறவை அறுத்துக்குவீங்களா மாப்ள?"ன்னு கேக்குறாங்க. 64,000 அத்தை. அதைவிட, உங்க மகன் பெயின்ட் அடிச்சதைப் பத்தி ஒரு வார்த்தை கேட்டீங்களா? என் மனைவி ரெண்டு பக்கமும் பேச முடியாம அழுவுறா. இந்த 64,000 கணக்குல அது வரவே வராது.

விவரமா எழுதறேன்னு சொன்னேன். இப்ப அவ்வளவு பொறுமை இல்ல, முக்கியமானதை மட்டும் சொல்றேன். படகைக் கொடுக்குறதுக்கு முன்னாடி இறக்கை ஒவ்வொண்ணையும் அவங்க எதிர்லயே போட்டோ எடுங்க, திரும்பி வந்ததும் அவங்க கிளம்புறதுக்கு முன்னாடியே இன்ஜினைத் தூக்கிப் பாருங்க. யார் ஓட்டப் போறாங்கன்னு மெசேஜ்ல எழுதி வாங்குங்க. இன்சூரன்ஸ் இருந்தா, வேற ஆள் ஓட்டினா செல்லுமான்னு சாவி கொடுக்குறதுக்கு முன்னாடி கேளுங்க, பல பாலிசியில அதுக்குத் தனி நிபந்தனை இருக்கும். இடிச்சதுன்னு தெரிஞ்சா, இடிச்சவரையும் கூட்டிட்டு மெக்கானிக்கிட்ட போங்க. புரொப்பெல்லரைக் கழட்டி, பென்சில் வெச்சு ஷாஃப்டைச் சுத்திக் காட்டச் சொல்லுங்க, கியர் ஆயிலைத் திறந்து காட்டச் சொல்லுங்க. திரும்ப மாட்டும்போது, நட்டு கழண்டு போகாமப் பிடிக்குற காட்டர் பின்னைப் புதுசாத்தான் போடணும், பழசை நிமித்திப் போட விடாதீங்க. கழட்டாமலே "பாத்தாச்சு"ன்னு சொல்ற கடையில படகை ஒரு நிமிஷம்கூட விட்டு வைக்காதீங்க.