ஏறுவதற்கு யமஹா, இறங்குவதற்கு பி.எஸ்.ஏ.

நுவரெலியாவில் ஏப்ரல் சீசன் தொடங்கினால் மஹகஸ்தோட்டை மலையேற்றப் பந்தயப் பேச்சும் தொடங்கிவிடும். 1934இல் ஆரம்பித்த பந்தயம் அது. எத்தனை வினாடியில் மேலே ஏறினாய் என்பதுதான் அங்கே கணக்கு. அதனாலோ என்னவோ, பழைய பைக்கில் பந்தய ஓட்டம் பழக வரும் தம்பிமாரும் ஏற்றத்தை வைத்தே பைக்கை எடைபோடுகிறார்கள். ஏறினவர் இறங்கித்தானே வீடு போக வேண்டும்?

நான் ஓட்டிப் பழகிய இரண்டு பழைய பைக்கையும் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்திப் பார்க்கிறேன். ஒன்று பி.எஸ்.ஏ. பி31, 1945 முதல் 1959 வரை செய்தது. மற்றது 1973இல் வந்த யமஹா ஆர்டி350. ஒன்று 348 சிசி, மற்றது 347 சிசி. அளவில் ஒற்றுமை அதோடு சரி. பி.எஸ்.ஏ. ஒற்றை சிலிண்டர், ஃபோர் ஸ்ட்ரோக், சுமார் 17 குதிரைத்திறன். யமஹா இரட்டை சிலிண்டர், டூ ஸ்ட்ரோக், 39. அதிலும் 1,868 மீட்டர் உயரத்து நுவரெலியாவில் காற்று மெலிவதால் ஏறக்குறைய ஆறில் ஒரு பங்கு சக்தி போய்விடும். கார்பரேட்டரில் பெற்றோல் போகும் துளையான ஜெட்டைச் சின்னதாகப் போடாவிட்டால் இன்னும் மோசம், பெற்றோல் கூடிப் புகைக்கும்.

ஏற்றத்தில் போட்டியே இல்லை. நுவரெலியாவுக்குப் போகும் வீதியில், புசல்லாவை தாண்டி ரம்பொடை முடக்குகளில் ஏறும்போது, இன்ஜின் சுற்று குறையாமல் சரியான கியரில் வைத்திருந்தால் யமஹா சீறிக்கொண்டு போகும். சுற்று விழுந்தால் மட்டும் பால்குடி மறந்த கன்று மாதிரி நிற்கும். கியரை முன்கூட்டியே யோசிக்கப் பழக்கும் நல்ல வாத்தியார் அது. பி.எஸ்.ஏ. கொழுந்து லொறிக்குப் பின்னால் 'டுப் டுப்' என்று நிதானமாக வரும், அவ்வளவுதான்.

அதே வீதியில் ரம்பொடைக்கு மேலே இருக்கும் லபுக்கலையிலிருந்து கீழே இறங்கும்போது கதை மாறுகிறது. ஆக்சிலேட்டரை மூடினால் பி.எஸ்.ஏ.யின் இன்ஜினே வண்டியைப் பிடித்து மெதுவாக்கும். முடக்குக்கு முன்பே கியரைக் குறைத்துவிட்டால் டிரம் பிரேக்குக்குப் பாதி வேலைதான். டிரம்மை நீளமாக அமுக்கிக்கொண்டே வந்தால் சூடேறிப் பிடி விட்டுப்போகும். அழுத்தமாக ஒரு பிடி, பிறகு முழுதாக விடு, ஆறட்டும். பழைய பந்தயக்காரர்கள் சொல்லும் முதல் பாடமே இதுதான்.

டூ ஸ்ட்ரோக்கில் இன்ஜின் பிடிப்பு சொற்பம். அதைவிடப் பெரிய ஆபத்து ஆயில். ஆர்டியின் ஆயில் பம்ப் ஆக்சிலேட்டரோடு இணைந்தது. மூடிக்கொண்டு நீண்ட இறக்கத்தில் வந்தால் இன்ஜின் வேகமாகச் சுற்றும், ஆயிலோ சொட்டுச் சொட்டாகத்தான் போகும். ஆயில் போதாமல் பிஸ்டன் சிலிண்டருக்குள் இறுகினால் பின் சக்கரம் அங்கேயே பூட்டிக்கொள்ளும். இடையிடையே ஆக்சிலேட்டரை ஒரு திருகு திருகிவிட வேண்டும். இடது கையின் இரண்டு விரல் எப்போதும் கிளட்ச் லீவரில் இருக்க வேண்டும், இறுகின நொடியில் கிளட்ச்சைப் பிடிக்க. ஈரமும் மூடுபனியும் சேர்ந்த வீதியில் இதைப் புதியவர் தலையில் கட்டுவது நியாயமில்லை.

பி.எஸ்.ஏ.க்கும் ஒரு குறை உண்டு. கியர் வலது காலில், பின் பிரேக் இடது காலில். முதல் வாரம் ஒரு முடக்கில் வலது காலால் பிரேக் என்று நினைத்துக் கியரை மிதித்தேன். தேயிலைச் செடிகள்தான் என்னைப் பிடித்துக்கொண்டன. கராஜ் பெரியவர் சிரித்துவிட்டு, "தம்பி, ஒரு மாசம் வேற பைக்க தொடாத" என்றார். அதன்படி செய்தேன், கால் பழகியது.

வளைவில் வண்டி போகும் கோடு பற்றியும் ஒரு சொல். பந்தயத் தடத்தில் வீதி முழுவதும் உன்னுடையது. இங்கே இடது பாதி மட்டும்தான், எதிரே பஸ் வரும். வளைவுக்குள் அவசரமாக உள்வாங்காமல், வெளியேறும் வாய் கண்ணில் பட்ட பிறகே சாய வேண்டும். மெல்லிய டயரில் பி.எஸ்.ஏ. இதைத் தானாகவே கற்றுத்தருகிறது. யமஹாவில் கெட்ட கோட்டில் போனாலும் சக்தி அதை மறைத்துவிடும்.

பி31 கையில் கிடைக்காவிட்டால் ஹோண்டா சிடி125 போதும். கியர் இடது பக்கம், ஃபோர் ஸ்ட்ரோக், இறக்கத்தில் இன்ஜினும் பிடிக்கும். சத்தத்தில் மட்டும் ஒரு வீரமும் இல்லை. ஒரு மழைக்காலம் முழுவதும் அதில் இறங்கிப் பழகியவருக்குத்தான் என் ஆர்டியின் சாவியைக் கொடுப்பேன், அதுவும் ரம்பொடையிலிருந்து மேலே போவதற்கு மட்டும்.