அசல் கேம்பாயா, போனில் எமுலேட்டரா?

1989-ல் கேம்பாய் என்ற கையடக்க விளையாட்டுக் கருவியோடு வந்த, விழும் கட்டங்களை அடுக்கும் டெட்ரிஸ் இன்றைக்கும் அலுக்காது, அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அசல் கருவியிலா, அதன் ஆட்டங்களை போனில் ஓட்டும் எமுலேட்டர் செயலியிலா, எதில் விளையாடுவது என்பதுதான் கேள்வி. அசல் கருவியின் திரையில் வெளிச்சம் கிடையாது, நான்கு பேட்டரி போட வேண்டும், அப்புறம் பழைய போகிமான் ஆட்டத்தின் கேட்ரிட்ஜுக்குள் (கருவியில் செருகும் ஆட்டப் பெட்டி) இருக்கும் சின்ன பேட்டரி தீர்ந்தால் சேமித்த ஆட்டமே போய்விடும். எமுலேட்டரில் நினைத்த இடத்தில் சேமிக்கலாம். ஆனால் தொடுதிரையில் விரலுக்குப் பொத்தான் தட்டுப்படாது, டெட்ரிஸ் வேகமெடுக்கும்போது அதுதான் ஆளைக் கவிழ்க்கும். போகிமான் போல முறைவைத்து ஆடுவதற்கு போன் தாராளம். வேகமான ஆட்டங்களுக்கு அசல்தான் என் தேர்வு, அதிலும் 2003-ல் வந்த கேம்பாய் அட்வான்ஸ் எஸ்பி மாடல் கிடைத்தால் விடாதீர்கள்: திரைக்கு விளக்கு உண்டு, சார்ஜ் ஏறும், பழைய கேம்பாய் கேட்ரிட்ஜும் அதில் ஓடும்.