கட்டத்துக்குள் ஒரு அரங்கம்

கொரோனாவால் பிரிட்டனின் நாடகக் கொட்டகைகள் மூடிய அதே வாரம், 2020 மார்ச் 19 அன்று, ராப் மைல்ஸும் சாரா பீச்சியும் 'தி ஷோ மஸ்ட் கோ ஆன்லைன்' குழுவின் முதல் நாடகத்தை யூடியூபில் நேரலையாகத் தந்தார்கள். ஷேக்ஸ்பியரின் முதல் ஃபோலியோவில் (1623-இல் வந்த அவருடைய நாடகத் தொகுப்பு) உள்ள 36 நாடகங்களையும், எழுதப்பட்டதாகக் கருதப்படும் வரிசையில், அந்த ஆண்டுக்குள்ளேயே முடித்தார்கள். பார்க்கக் கட்டணம் கிடையாது.

நடிகர்கள் அவரவர் வீட்டிலிருந்து ஜூம் வீடியோ அழைப்பில், ஆளுக்கொரு கட்டத்துக்குள் நடித்தார்கள். இயக்குநராக மைல்ஸின் பலம், ஜூமின் குறைகளை அறிந்து காட்சி அமைப்பது. ஜூமில் இருவர் ஒரே நேரத்தில் பேசினால் ஒரு குரல் அமுங்கிவிடும். கூட்டமாகக் கத்தும் காட்சிகள் அங்கேதான் சிதறும். இணையத் தாமதத்தால் பதில் வசனமும் அரை நொடி பிந்தும். அதனால் முந்தைய வரியின் கடைசிச் சொல்லிலேயே மூச்சை எடுத்துத் தயாராக வேண்டும். ஒருவர் வலப்பக்கம் நீட்டும் கடிதத்தை இன்னொருவர் இடப்பக்கமிருந்து வாங்குவதும் எளிதல்ல: கட்டங்களின் வரிசை ஒவ்வொரு கணினியிலும் மாறும், போதாததற்குத் தன் படம் கண்ணாடிபோல் திரும்பித் தெரியும். எதிராளியின் முகத்தைப் பார்க்காமல் கேமராவைப் பார்த்துப் பேசினால்தான் பார்வையாளருக்குக் கண் சந்திக்கும்.

தயாரிப்புப் பொறுப்பு பீச்சியுடையது. வாரம் ஒரு புது நடிகர் குழு என்பதே மலைக்க வைக்கும் வேலை. நாடகத்துக்கு முன் வரும் அறிமுக உரையைத் தாண்டிப் போய்விடாதீர்கள், வரலாற்று நாடகங்களில் யார் யாருக்கு உறவு என்பது அங்கேதான் பிடிபடும்.

பதிவுகள் நீளமானவை. ஹெட்போன் அவசியம்.