பத்திர நகலில் ஒரு சொல்லைத் தேட: ஓசிஆர்மைபிடிஎஃப் பற்றி ஒரு வக்கீல்

பாகப்பிரிவினை வழக்கு என்றால் கேஸ் கட்டு தடிமனாகத்தான் இருக்கும். தாய்ப்பத்திரம், அதற்குப் பின் வந்த கிரயங்கள், வில்லங்கச் சான்று, வாரிசுச் சான்று, முந்தைய வழக்கின் தீர்ப்பு நகல் எல்லாவற்றையும் எங்கள் ஆபீஸில் ஸ்கேன் செய்து வைக்கிறோம். ஆனால் ஸ்கேன் செய்தது வெறும் படம். "கிணற்றுப் பாத்தியம் எந்தப் பத்திரத்துல வருது?" என்று சீனியர் கேட்டால், ஜூனியர்கள் பக்கம் பக்கமாகத் தள்ளிப் பார்க்க வேண்டியிருந்தது.

இப்போது இந்த வேலையை ஓசிஆர்மைபிடிஎஃப் என்ற கட்டற்ற மென்பொருள் பார்க்கிறது. ஓசிஆர் என்றால் படத்தில் இருக்கும் எழுத்தைக் கணினி படிப்பது. ஸ்கேன் செய்த பிடிஎஃப்பைக் கொடுத்தால், பக்கத்தின் படத்தை அப்படியே வைத்துக்கொண்டு, அதில் உள்ள எழுத்துகளைப் படித்துக் கண்ணுக்குத் தெரியாத ஓர் அடுக்காகச் சேர்த்துவிடும். முத்திரை, கையெழுத்து, கைநாட்டு எதுவும் பார்வைக்கு மாறாது. ஆனால் சொல்லைத் தேடலாம், நகலெடுக்கலாம்.

எழுத்தைப் படிக்கும் வேலையை உள்ளே இருந்து செய்வது டெசராக்ட் என்ற இன்னொரு கட்டற்ற மென்பொருள். ஹியூலட் பேக்கர்டு நிறுவனம் 1985 முதல் 1994 வரை உருவாக்கியது. 2005இல் மூலநிரலை வெளியிட்டார்கள், அதற்குப் பிறகு கூகுள் ஆதரவில் வளர்ந்தது. 2018இல் வந்த நான்காம் பதிப்பில் எழுத்தெழுத்தாகப் பிரித்துப் பார்க்கும் பழைய முறையோடு, முழு வரியையும் சேர்த்துப் படிக்கும் நரம்பு வலைப்பின்னல் முறையும் (மாதிரிகளைப் பார்த்துக் கற்றுக்கொள்ளும் முறை) வந்தது. கொம்பும் காலும் எழுத்தின் முன்னும் பின்னும் நிற்கும் தமிழுக்கு இந்த முறைதான் ஒத்துவருகிறது.

இதையெல்லாம் இணையத்தில் இலவசமாகச் செய்து தரும் தளங்கள் இருக்கின்றனவே என்று நண்பர்கள் கேட்கிறார்கள். கட்சிக்காரர் நம்மிடம் தருவது ஆதார் நகல், பான் எண், சொத்து விவரம், குடும்பத் தகராறு. அதை முகம் தெரியாத ஒரு சர்வருக்கு அனுப்ப எனக்கு மனம் வராது, அனுப்பவும் கூடாது. ஓசிஆர்மைபிடிஎஃப் நம் கணினியிலேயே ஓடுகிறது. இணைப்பைத் துண்டித்துவிட்டாலும் வேலை நடக்கும். என்னைப் பொறுத்தவரை இதைத் தேர்ந்தெடுக்க இந்த ஒரு காரணமே போதும்.

நிறுவுவது உபுண்டு என்ற லினக்ஸ் இயங்குதளத்தில் எளிது. மென்பொருளையும் டெசராக்ட் தமிழைப் படிப்பதற்கான தமிழ்ப் பொதியையும் சேர்த்து நிறுவ வேண்டும். தமிழ்ப் பொதியை விட்டுவிட்டால் ஆங்கிலம் என்று நினைத்துக்கொண்டு படிக்கும். எங்கள் ஆவணங்களில் இரண்டும் கலந்து வருவதால் தமிழ், ஆங்கிலம் இரண்டையும் சேர்த்தே கொடுக்கிறோம். விண்டோஸ்காரர்கள், விண்டோஸுக்குள்ளேயே லினக்ஸை ஓட்டும் டபிள்யூஎஸ்எல் வழியாக ஓட்டலாம்.

கட்டளை அடித்து வேலை வாங்க குமாஸ்தா அண்ணனுக்கு நேரமும் இல்லை, அவசியமும் இல்லை. அதனால் 'வரவு' என்று ஒரு ஃபோல்டர் வைத்து, ஸ்கேனர் நேராக அதில் சேமிக்கும்படி அமைத்தேன். குறித்த நேரத்தில் வேலையைத் தொடங்கிவைக்கும் க்ரான் என்ற லினக்ஸ் வசதி, சில நிமிடங்களுக்கு ஒருமுறை ஒரு சின்ன ஸ்கிரிப்டை (கட்டளைகளை எழுதிவைத்த கோப்பை) எழுப்பிவிடும். அது புதிதாக வந்த கோப்புகளைப் படித்து 'முடிந்தது' ஃபோல்டரில் போட்டுவிடும். ஸ்கேனர் இன்னும் எழுதிக்கொண்டிருக்கும் அரைகுறைக் கோப்பை ஸ்கிரிப்ட் தொட்டுவிடக் கூடாது. அதற்காக, கடைசி ஒரு நிமிடத்தில் மாறாத கோப்பை மட்டும் எடு என்று ஒரு நிபந்தனை போட்டிருக்கிறேன். அண்ணன் செய்வது ஸ்கேன் பட்டனை அழுத்துவது மட்டும்தான்.

கோணலாகப் போன பக்கத்தை நிமிர்த்தவும் தலைகீழாகப் போனதைத் திருப்பவும் தனித்தனி விருப்பங்கள் உண்டு. இரண்டையும் ஸ்கிரிப்டிலேயே போட்டுவிடுங்கள். ஸ்கேனின் நுணுக்கத்தைக் குறிக்கும் டிபிஐ அளவை 300க்குக் கீழே வைத்து ஸ்கேன் செய்யாதீர்கள். மெய்யெழுத்தின் புள்ளிகள்தான் முதலில் காணாமல் போகும்.

தேடுவதற்கு பிடிஎஃப்கிரெப் என்ற இன்னொரு மென்பொருள், பல பிடிஎஃப்களுக்குள் ஒரே நேரத்தில் தேடும். ஃபோல்டரைக் காட்டி 'செக்குபந்தி' (சொத்தின் நான்கு எல்லை விவரம்) என்று கொடுத்தால் எந்தக் கோப்பு, எத்தனையாவது பக்கம், அந்த வரி என்ன என்று வரிசையாகக் கொட்டும். ஒரு சொத்தின் நான்கு எல்லைகளும் ஒவ்வொரு கிரயத்திலும் எப்படி மாறிக்கொண்டே வந்திருக்கின்றன என்பதை ஒரே திரையில் பார்ப்பது வக்கீலுக்குப் பெரிய வசதி. வடக்கே 'வண்டிப்பாதை' என்று இருந்தது எந்தப் பத்திரத்தில் 'பொதுப்பாதை' ஆனது என்பது குறுக்கு விசாரணைக்குப் போகும் முன் தெரிந்தாக வேண்டும்.

சரி, எவ்வளவு சரியாகப் படிக்கிறது? கணினியில் அடித்து லேசர் பிரிண்டரில் எடுத்த பத்திரம் என்றால் அருமை. ஜெராக்ஸுக்கு ஜெராக்ஸ் எடுத்த நகலில் துணைக்காலும் 'ர'வும் குழம்பும். காமாட்சி 'கரமாட்சி' ஆகிவிடுவாள். பெயரைத் தேடும்போது இரண்டு வடிவத்தையும் போட்டுத் தேடுவது வழக்கமாகிவிட்டது. முத்திரைத்தாளின் பின்னணிக் கோலத்தையும் சீலையும் எழுத்து என்று நினைத்து ஏதாவது உளறும், அதைப் பொருட்படுத்த வேண்டாம். தட்டச்சு மெஷினில் அடித்தவை பாதிக்குப் பாதி. கையால் எழுதிய பத்திரத்தை இதனால் படிக்க முடியாது, அந்த எதிர்பார்ப்போடு யாரும் வராதீர்கள்.

சர்வே எண்ணை மட்டும் இந்த அடுக்கிலிருந்து நகலெடுத்து வழக்குரையில் ஒட்டவே கூடாது. உட்பிரிவு எழுத்தோடு வரும் எண்களில் ஒன்றும் ஏழும் மாறுகின்றன, சாய்கோடு மறைகிறது. தேடிப் பக்கத்தைக் கண்டுபிடியுங்கள், எண்ணைப் படத்தைப் பார்த்து அடியுங்கள். ஜூனியர்களுக்கு நான் கண்டிப்பாகச் சொல்லும் விதி இது.

எண் என்றதும் இன்னொன்று. 2013இல் டேவிட் கிரீசல் என்ற ஜெர்மானியர், சில ஜெராக்ஸ் நிறுவன ஸ்கேனர்கள் பக்கத்தில் இருக்கும் எண்களையே மாற்றிப் பதிவதைக் கண்டுபிடித்தார். கோப்பைச் சுருக்க ஜேபிக்2 என்ற முறையை இழப்போடு பயன்படுத்தியதுதான் காரணம். ஒரே மாதிரி தெரியும் இரண்டு எழுத்துகளுக்கு ஒரே படத்தை வைத்துவிடும். ஓசிஆர்மைபிடிஎஃப் இயல்பாக இழப்பில்லாத சுருக்கத்தையே செய்கிறது. வெளியே வருவதும் நீண்டகாலம் பாதுகாக்க வேண்டிய ஆவணங்களுக்கான பிடிஎஃப்-ஏ வடிவம். பத்திரத்தோடு மல்லுக்கட்டுகிறவர்களுக்கு இந்தக் கவனம் எவ்வளவு முக்கியம் என்று சொல்ல வேண்டியதில்லை.

வானவில், பாமினி போன்ற எழுத்துருக்களில் அடித்து பிடிஎஃப் ஆக்கிய பழைய ஆவணங்கள் தனி ரகம். திரையில் தமிழ் தெரியும், தேடினால் எதுவும் கிடைக்காது. உள்ளே இருப்பது ஆங்கில எழுத்துக் குவியல். எல்லாக் கணினிக்கும் பொதுவான எழுத்துக் குறியீடான யூனிகோடைத் தமிழக அரசு 2010இலேயே ஏற்றுக்கொண்டது, ஆனாலும் இத்தகைய கோப்புகள் இன்றும் எங்கள் கைக்கு வருகின்றன. எழுத்து ஏற்கெனவே இருக்கிறது என்று ஓசிஆர்மைபிடிஎஃப் நின்றுவிடும். கட்டாயமாகப் படி என்று சொல்லும் 'ஃபோர்ஸ்-ஓசிஆர்' விருப்பத்தைக் கொடுத்தால், பக்கத்தைப் படமாக்கி முதலிலிருந்து யூனிகோடில் படிக்கும். கோப்பின் அளவு கூடும், பரவாயில்லை. இந்த வேலைக்கு எனக்குத் தெரிந்து இதைவிட எளிய வழி இல்லை.

கட்டளைத் திரையே வேண்டாம் என்பவர்கள், ஆவணங்களை அடுக்கி வைக்கும் பேப்பர்லெஸ்-என்ஜிஎக்ஸ் என்ற மென்பொருளைப் பாருங்கள். உள்ளே இதே ஓசிஆர்மைபிடிஎஃப்தான். பிரவுசரில் திறந்து, கட்சிக்காரர் பெயர் வாரியாகக் குறிச்சொல் போட்டு அடுக்கலாம். அமைப்பதற்கு, மென்பொருளைத் தேவையானவற்றோடு ஒரே கட்டாக ஓட்டும் டாக்கர் என்ற கருவி தெரிந்த ஆள் ஒருவர் வேண்டும். இரண்டு மூன்று பேர் கொண்ட ஆபீஸுக்கு ஃபோல்டர் முறையே போதும் என்பது என் கருத்து.

என் ஒரே பெரிய மனக்குறை பழைய எழுத்து. 1978 எழுத்துச் சீர்திருத்தத்துக்கு முன் அச்சான அரசிதழ்களிலும் கோயில் நிர்வாகத் திட்டங்களிலும் ணா, றா, னா, லை, னை எல்லாம் பழைய வடிவில் இருக்கும். அங்கே டெசராக்ட் தடுமாறுகிறது. அறநிலைய வழக்குகளில் நமக்கு மிகவும் தேவைப்படுவதே அந்தக் காகிதங்கள்தான். வரியின் படத்தையும் அதன் சரியான உரையையும் ஜோடி ஜோடியாகச் சேர்த்துக் கொடுத்தால் டெசராக்ட்டை மேலும் பயிற்றுவிக்கலாம், அதற்கான டெஸ்ட்ரெயின் கருவியும் இலவசம். ஓர் ஆபீஸ் தனியாகச் செய்து முடிக்கிற வேலை அல்ல. யாராவது தொடங்கினால், எங்களிடம் உள்ள பொது ஆவணங்களின் ஸ்கேனைத் தருகிறேன், வரிகளைத் தட்டச்சு செய்யவும் உட்காருகிறேன்.